‘சர்வர் டவுனா?’ என்று கேட்பவர்களுக்காக ஒரு பக்கம்

அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் அமேசானுக்குப் பெரிய கணினி மையங்கள் உண்டு. 2017 பிப்ரவரி 28 அன்று பசிபிக் நேரப்படி காலை 9:37 மணிக்கு, பில்லிங் வேலை மந்தமாக ஓடுவதைச் சரிசெய்ய முனைந்த ஊழியர் ஒருவர், அங்குள்ள சில சர்வர்களை மட்டும் விலக்குவதற்கான கட்டளையைக் கொடுத்தார். கட்டளையில் ஒரு விவரம் பிசகிவிட்டது. நினைத்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் விலகின. எஸ்3 என்ற சேமிப்புச் சேவை முடங்கியது. அதை நம்பி இயங்கிய ஏராளமான இணையதளங்களும் செயலிகளும் தடுமாறின.

என்ன நடக்கிறது என்று புரியாமல் தவித்தவர்கள் அமேசானின் சேவை நிலவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். அங்கே எஸ்3க்கு எதிரே பச்சைக் குறி அப்படியே இருந்தது. 11:37 மணி வரை, அதாவது இரண்டு மணி நேரம், அந்தக் குறியை யாராலும் மாற்ற முடியவில்லை. குறியை மாற்றும் நிர்வாகக் கருவியே எஸ்3யை நம்பித்தான் இயங்கியது என்பதுதான் காரணம். எஸ்3 படுத்ததும், அது படுத்துவிட்டது என்று சொல்லும் வழியும் சேர்ந்து படுத்துவிட்டது. பக்கத்தின் தலைப்பகுதியில் ஓர் அறிவிப்பு வரியைப் போட்டும், ட்விட்டரில் பதிவிட்டும் நிறுவனம் சமாளித்தது.

நிலவரப் பக்கம் என்பது பார்வைக்குச் சாதாரணமானது. ஒரு நிறுவனத்தின் சேவைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் எதிரேயும் ஓடுகிறது, மந்தமாக இருக்கிறது, நின்றுவிட்டது, பராமரிப்பில் இருக்கிறது என்று ஏதோ ஒரு நிலை. கோளாறு வந்தால் அதைப் பற்றிய குறிப்புகள் நேரத்தோடு மேலே வந்து சேரும். சேல்ஸ்ஃபோர்ஸ், கிட்ஹப், ஸ்லாக் என்று பெரிய நிறுவனங்கள் பலவும் இத்தகைய பக்கங்களை நடத்துகின்றன. இன்று இதற்குப் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. அட்லாசியன் நிறுவனத்தின் ஸ்டேட்டஸ்பேஜ் போன்ற கட்டணச் சேவைகள் உண்டு. அப்டைம் கூமா, கேச்செட் என்று இலவசத் திறமூல மென்பொருள்களும் உண்டு. ஹாங்காங்கைச் சேர்ந்த லூயிஸ் லாம் 2021இல் வெளியிட்ட அப்டைம் கூமாவை ஒரு சிறிய கணினியில்கூட நிறுவிவிடலாம். கல்லூரி, நகராட்சி, கூட்டுறவுச் சங்கம், நூலகம் என்று இணையம்வழிச் சேவை தரும் எவரும் ஒரே நாளில் இப்படியொரு பக்கத்தைத் திறந்துவிட முடியும்.

திறந்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது. அந்தப் பக்கம் எப்படித் தோன்ற வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு டஜன் கணக்கில் அமைப்புகள் இருக்கின்றன. லோகோ, நிறம், எழுத்து, வரிசை, எத்தனை நொடிக்கொருமுறை புதுப்பிப்பது, எத்தனை முறை தவறினால் சிவப்பாக்குவது என்று நீளும் பட்டியல் அது. பலர் இதை அலங்கார வேலையாக நினைத்து, வடிவமைப்பு தெரிந்த யாரோ ஒருவரிடம் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இவை ஒவ்வொன்றும், முடங்கிய நேரத்தில் மக்களிடம் எதைச் சொல்கிறோம், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிற முடிவுகள்.

முதல் முடிவு இடம். பக்கம், அது கண்காணிக்கிற சேவையோடு எந்த உறவும் வைத்துக்கொள்ளக் கூடாது. வேறு சர்வர், முடிந்தால் வேறு நிறுவனத்தின் சர்வர், வேறு டொமைன். நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் நிறுவனமும் 2018 அக்டோபரில் இதே சிக்கலில் மாட்டியது. ஒரு பெரும் கோளாறைப் பற்றி விளக்கமாக ஒரு பதிவு வெளியிட முனைந்தபோது, அந்தப் பதிவைத் தயாரிக்கும் கிட்ஹப் பேஜஸ் என்ற சொந்தச் சேவையையே பல மணி நேரத்துக்கு முன் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் பதிவு வெளிவரக் கூடுதல் பாடுபட வேண்டியிருந்தது.

தனியே வைத்தாலும் விதி விளையாடும். 2025 நவம்பர் 18 அன்று, பல இணையதளங்கள் நம்பியிருக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் வலையமைப்பு தடுமாறியபோது, அதன் நிலவரப் பக்கமும் அதே நேரத்தில் திறக்கவில்லை. அந்தப் பக்கம் முழுக்க வெளியே, கிளவுட்ஃப்ளேரின் எந்த வசதியையும் சாராமல் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தது வெறும் தற்செயல் என்று பிறகு நிறுவனமே சொன்னது. ஆனால் அந்த நேரத்தில் அவர்களுடைய குழுவில் சிலர், யாரோ திட்டமிட்டுத் தாக்குகிறார்கள் என்று சந்தேகித்தார்கள். உண்மைக் காரணமோ, தானியங்கி நிரல்களை அடையாளம் காணப் பயன்படும் ஒரு கோப்பு அளவு மீறிப் பெருத்ததுதான். நிலவரப் பக்கம் விழுந்தால், வெளியே இருப்பவர்கள் மட்டுமல்ல, பழுது பார்ப்பவர்களும் திசை தெரியாமல் போகிறார்கள்.

அடுத்தது பெயர்கள். கணினிப் பிரிவில் இருப்பவர்கள் பக்கத்தை அமைத்தால், ‘டிபி 2’, ‘கேட்வே’, ‘கேஷ் சர்வர்’ என்று தங்களுக்குத் தெரிந்த பெயர்களையே பட்டியலிடுவது வழக்கம். வீட்டு வரி கட்ட வந்தவருக்கு இதில் ஒன்றும் புரியாது. அவருக்கு வேண்டியது ‘வரி செலுத்துதல்’, ‘ரசீது பதிவிறக்கம்’, ‘பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம்’ போன்ற வரிகள். உள்ளே நான்கு சர்வர்கள் இருந்தாலும், வெளியே ஒரு வேலைக்கு ஒரு வரி போதும். அப்டைம் கூமாவில் இதற்காகக் குழுக்கள் பிரித்து, வரிகளை இழுத்து மேலே கீழே நகர்த்திக்கொள்ளலாம். அதிகம் பேர் தேடி வருவது எதுவோ அது முதல் வரியாக இருக்கட்டும்.

லண்டன் நகரப் போக்குவரத்து அமைப்பின் நிலவரப் பட்டியலைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். பாதாள ரயிலின் ஒவ்வொரு தடமும் ஒரு வரி. எதிரே ‘நல்ல சேவை’, ‘சிறு தாமதம்’, ‘கடும் தாமதம்’ என்ற பொருளில் ஒரு சொற்றொடர். தாமதம் என்றால், எந்த நிலையங்களுக்கு இடையில், என்ன காரணத்தால் என்று கீழே ஒரு வாக்கியம். சிக்னல் கருவியின் எண்ணைப் பயணி தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இந்தப் பட்டியலில் இன்னொரு நுட்பமும் உண்டு. சென்ட்ரல் தடத்தின் அடையாள நிறமே சிவப்பு, டிஸ்ட்ரிக்ட் தடத்தின் நிறம் பச்சை. எனவே நிலவரத்தை நிறத்தால் மட்டும் சொல்ல அங்கே வழியே இல்லை. எழுதித்தான் ஆக வேண்டும். அந்தக் கட்டாயம் நல்லதாகவே முடிந்திருக்கிறது.

ஏனென்றால் நிறத்தை மட்டும் நம்புவது பலரைக் கைவிடுவதாகும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் ஏதோ ஓர் அளவு சிரமம் இருக்கிறது. பிற இனத்தவரிடம் இந்த விகிதம் மாறும். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கு நிறமே கிடையாது. இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான சர்வதேச நெறிமுறை, நிறத்தை மட்டுமே தகவலாக வைக்கக் கூடாது என்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடும் வேண்டும். மஞ்சள் பட்டையின் மீது வெள்ளை எழுத்து வைத்தால் இந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாகிவிடும், வெயிலில் போனைப் பிடித்திருப்பவர் எதையும் படிக்க முடியாது. பச்சைக்கு ஒரு டிக், சிவப்புக்கு ஒரு பெருக்கல் குறி, மஞ்சளுக்கு ஓர் ஆச்சரியக்குறி, பக்கத்திலேயே ஒரு சொல் என்று வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. நிறுவனத்தின் அடையாள நிறம் சிவப்பாக இருந்தால் அதை லோகோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தலைப்புப் பட்டையே சிவப்பாக இருந்தால், பக்கம் திறந்ததும் எல்லாமே நின்றுபோனதாகத்தான் தோன்றும்.

சரி, பச்சை எப்போது சிவப்பாக மாற வேண்டும்? யார் மாற்றுவது? இந்தக் கேள்விக்குக் கிட்ஹப்பின் அதே 2018 சம்பவம் நல்ல பாடம். நிறுவனமே நிமிடக் கணக்கோடு அதைப் பதிவு செய்து வெளியிட்டிருக்கிறது. இந்திய நேரப்படி அக்டோபர் 22, திங்கள் அதிகாலை 4:22. பழுதான ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும் வழக்கமான பராமரிப்பின்போது, அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் இருந்த முதன்மைக் கணினி மையத்துக்கான இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. அந்த 43 நொடிக்குள் தரவுத்தளங்களின் தலைமை தானாகவே மேற்குக் கடற்கரைக்கு மாறிவிட்டது. இரு கரைகளிலும் ஒன்றுக்கொன்று தெரியாத பதிவுகள் விழுந்தன. 4:39க்குக் குழு நிலவரத்தை மஞ்சளாக்கியது. மஞ்சளாக்கியதுமே அது முறையான அவசரநிலையாகப் பதிவாகி, ஒருங்கிணைப்பாளருக்குத் தானாக அழைப்பு போனது. 4:41க்கு அவர் வந்து சேர்ந்தார்; 4:43க்குச் சிவப்பாக்க முடிவெடுத்தார். மறுபடி பச்சை வந்தது மறுநாள் அதிகாலை 4:33க்கு. சேவை குன்றியிருந்த நேரம் மொத்தம் 24 மணி 11 நிமிடம்.

இதில் மஞ்சளாக்கியதும் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. வெளியே நிறம் மாறினால் உள்ளே ஆள் எழுப்பப்படுகிறார். பொதுமக்களிடம் ஒப்புக்கொள்வதும் பழுது பார்க்க ஆள் திரட்டுவதும் ஒரே செயலாகிவிட்டது. இப்படி இணைத்து வைத்த அலுவலகத்தில், நிறத்தை மாற்றுவதா வேண்டாமா என்று மேலிடத்தைக் கேட்டுக்கொண்டு நேரம் கடத்த வேண்டிய அவசியம் குறையும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிட்ஹப் தன் குறைகளையும் வெளிப்படையாக எழுதியது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தளம் முழுமைக்கும் ஒரே நிறம் காட்டியது போதாது. எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பகுதி பகுதியாகக் காட்டியிருக்க வேண்டும் என்றது. எப்போது சரியாகும் என்று இடையிடையே சொன்ன கணிப்புகள் எல்லாக் காரணிகளையும் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டது. பின்னர் பகுதி வாரியாகக் காட்டும் புதிய நிலவரப் பக்கத்துக்கு மாறியது.

சின்ன அலுவலகத்தில் இரவு முழுக்க ஆள் உட்கார முடியாது. அங்கே மென்பொருள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்டைம் கூமா வழக்கமாக 60 நொடிக்கொருமுறை தளத்தைத் தட்டிப் பார்க்கும். ஒருமுறை பதில் வராததற்கே சிவப்பாக்கினால், கண நேர இணைய இடறலுக்கெல்லாம் கூச்சல் எழும்; நாலைந்து தடவை அப்படி நடந்தால் பார்ப்பவர்கள் அலுத்துவிடுவார்கள். அதனால் எத்தனை முறை மறுபடி முயல வேண்டும் என்று ஓர் எண் கொடுக்கலாம். மூன்று என்று வைத்தால், சிவப்பு சில நிமிடங்கள் தள்ளி வரும், ஆனால் வந்தால் நம்பலாம். இன்னொரு அமைப்பைப் பலர் தவறவிடுகிறார்கள். தளம் ‘எல்லாம் சரி’ என்பதற்கான 200 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பிக்கொண்டே, திரையில் ‘தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை’ என்று காட்டக்கூடும். வெறும் எண்ணை மட்டும் பார்க்கும் கண்காணிப்பு இதைப் பச்சை என்றே சொல்லும். பக்கத்தில் இருந்தே தீர வேண்டிய ஒரு சொல்லை, உதாரணமாக ‘வரி எண்ணை உள்ளிடவும்’ என்பதை, கண்காணிப்பில் கொடுத்து வைத்தால், அந்தச் சொல் காணாமல் போன சில நிமிடங்களிலேயே குட்டு வெளிப்படும்.

நிறம் மாறிவிட்டது. இனி எழுத வேண்டும். ‘தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால் சேவையில் இடையூறு ஏற்பட்டுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற வாக்கியம் எங்கும் தயாராகக் கிடைக்கிறது. அதைப் படித்தவருக்குப் படிக்கும் முன் தெரியாத எதுவும் புதிதாகத் தெரிவதில்லை. ஒரு நகராட்சியின் வரித் தளம் நின்றுபோனதாக வைத்துக்கொண்டால், இப்படி எழுதலாம்: ‘காலை 10:20 முதல் இணையம் வழியாக வரி கட்ட முடியவில்லை. இதற்கு முன் கட்டியவர்களின் ரசீதுகள் பத்திரமாக உள்ளன. பணம் பிடிக்கப்பட்டு ரசீது வராதவர்கள் மறுபடி கட்ட வேண்டாம். நகராட்சி அலுவலகக் கவுன்ட்டரில் வழக்கம்போல் கட்டலாம். அடுத்த தகவல் 11 மணிக்கு.’ எந்த சர்வர் போனது என்பது இதில் இல்லை. ஆனால் கையில் போனோடு பதறி நிற்பவருக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. ‘எப்போது சரியாகும்’ என்பதற்குப் பதில் தெரியாதபோது, ‘எப்போது மறுபடி சொல்வோம்’ என்பதையாவது சொல்ல முடியும். அந்த 11 மணி தவறக் கூடாது. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் 11 மணிக்கு அதையே எழுத வேண்டும்.

திட்டமிட்ட பராமரிப்பை அறிவிக்கும் முறைக்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகவே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது: நாளிதழ்களில் வரும் மின்தடை அறிவிப்பு. எந்தத் துணை மின்நிலையம், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை, எந்தெந்தத் தெருக்கள் என்று வரிசையாக இருக்கும். படிப்பவர் தன் தெருவின் பெயரைத் தேடுவார், இருந்தால் தொட்டியில் தண்ணீர் ஏற்றிவைப்பார். தளப் பராமரிப்பு அறிவிப்பிலும் இதே மூன்றும்தான் வேண்டும்: எது, எப்போதிலிருந்து எப்போது வரை, யாருக்கு. நேரம் எழுதும்போது எந்த ஊர் நேரம் என்பதும் முக்கியம். உலகப் பொது நேரத்தில் வந்து விழும் அறிவிப்பை இந்தியாவில் படிப்பவர் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமைப்பில் ஒரு இடத்தில் நேர மண்டலத்தை மாற்றினால் அந்தக் கணக்கு யாருக்கும் வேண்டாம்.

பல பக்கங்களில் சேவையின் பெயருக்குக் கீழே மெல்லிய செங்குத்துக் கோடுகள் வரிசையாக நிற்கும். ஸ்டேட்டஸ்பேஜில் அவை 90 நாள்களைக் குறிப்பவை, ஓரத்தில் 99.9 போல ஒரு சதவீதம் இருக்கும். கேட்கப் பிரமாதமாக இருக்கும் இந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 30 நாள் மாதத்தில் 99.9 சதவீதம் என்றால் 43 நிமிடம் நின்றது என்று பொருள். 99 என்றால் 7 மணி 12 நிமிடம். பத்துச் சேவைகளில் ‘உள்நுழைவு’ மட்டும் நாள் முழுக்க நின்றால், சராசரி அன்றைக்கு 90 சதவீதம் என்று காட்டும். உள்நுழைய முடியாதவருக்கோ மற்ற ஒன்பதும் இருந்தும் இல்லாதவைதான். இந்தச் சராசரியைக் காட்டுவதா வேண்டாமா என்பது பல கருவிகளில் ஒரே சொடுக்கில் முடிகிற தேர்வு. பகுதி வாரியான எண் நேர்மையானது, ஒட்டுமொத்தச் சராசரியைத் தூக்கிவிடலாம்.

கோளாறு நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து குவிவார்கள் என்பதை மறந்துவிட்டுப் பக்கத்தை அமைப்பதும் உண்டு. 10,000 பேர் பக்கத்தைத் திறந்துவைத்திருக்கிறார்கள், 30 நொடிக்கொருமுறை அது தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது என்றால், நொடிக்கு 333 கோரிக்கைகள். அதையே 300 நொடியாக்கினால் 33. பக்கமே திணறிப்போய்விடுமா, தாங்குமா என்பதை இந்த ஒரு எண் முடிவு செய்துவிடலாம். திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டிய தேவையைக் குறைக்க மின்னஞ்சல், குறுஞ்செய்தி வழியாகச் சந்தா வசதி தரலாம். ஆனால் அந்த முகவரிப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிலவரப் பக்கச் சேவையை உலகுக்கே விற்கும் அட்லாசியன், 2022 ஏப்ரலில் ஒரு பராமரிப்பு நிரல் தவறாக ஓடியதில் ஏறக்குறைய 775 வாடிக்கையாளர்களின் தளங்களை அழித்துவிட்டது. சிலருக்கு மீண்டு வர இரண்டு வாரம் ஆனது. தளங்களோடு சேர்ந்து அந்த வாடிக்கையாளர்களின் தொடர்பு விவரங்களும் போயிருந்ததால், யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்பதே சிக்கலாகிவிட்டது. பொதுவெளியில் இன்னும் முன்பே, இன்னும் விரிவாகப் பேசியிருக்க வேண்டும் என்று நிறுவனம் பிறகு எழுதியது.

இனி அலங்காரத்துக்கு வரலாம். அப்டைம் கூமாவின் திருத்தும் திரையில் தலைப்பு, விளக்கம், அடிக்குறிப்பு, வெளிர்-இருள் தோற்றம், சொந்த டொமைன் ஆகியவற்றுக்கான இடங்களோடு, சொந்தமாக ஸ்டைல் விதிகள் எழுதுவதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. அதில் சில வரிகள் எழுதினால் எழுத்தின் அளவு, பட்டைகளின் நிறம், இடைவெளி எல்லாம் மாறும். தமிழில் பக்கம் அமைப்பவர்களுக்கு இந்தப் பெட்டி அவசியமாகவே தேவைப்படும். ஆங்கிலச் சொல் ஒன்றுக்காக அளவெடுத்த சிறிய பட்டைக்குள் ‘பராமரிப்பில் உள்ளது’ அடங்காது. பாதியில் முறிந்து அடுத்த வரியில் தொங்கும். கொம்பும் சுழியும் கொண்ட எழுத்துக்கு வரிகளுக்கு இடையே கூடுதல் இடம் வேண்டும், இல்லாவிட்டால் ‘கி’யின் மேல்வளைவு மேல்வரியின் ‘கு’வோடு உரசும். பட்டையின் அகலத்தைத் தளர்த்தி, வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே ஏற்றினால் சரியாகிவிடும். அழகான தமிழ் எழுத்துருவை வெளித்தளத்திலிருந்து இழுப்பதைத் தவிர்க்கலாம். அந்தத் தளம் மெதுவானால் பக்கமும் மெதுவாகும். பார்ப்பவரின் போனிலேயே இருக்கும் தமிழ் எழுத்துருவே போதும்.

இதே பெட்டியால் ஒரு வரியை மறைக்கவும் முடியும் என்பதைச் சொல்லியாக வேண்டும். அடிக்கடி சிவக்கும் சேவையைப் பார்வையிலிருந்து எடுத்துவிடுவது இரண்டு சொல் விதியில் முடிகிற வேலை. கோடுகளின் வரிசையை நீக்கினால் பழைய சிவப்புகளும் மறைந்துவிடும். எந்த மென்பொருளும் இதைத் தடுக்காது. ஆனால் வரி கட்ட முடியாமல் நேற்று அரை நாள் அலைந்த ஒருவர், இன்று அந்தப் பக்கத்தில் 100 சதவீதம் என்று பார்த்தால், அடுத்த முறை அங்கே வர மாட்டார். நேரே அலுவலகத் தொலைபேசிக்குத்தான் வருவார்.

எல்லாம் அமைத்தபின், வெளியிடுவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம். கண்காணிப்பில் இருக்கும் ஒரு முகவரியில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றிவிட்டு, அலுவலக வைஃபையைத் துண்டித்து, சாதாரண ஆண்ட்ராய்டு போனில் பக்கத்தைத் திறக்க வேண்டும். சிவப்பு எத்தனை நிமிடத்தில் வருகிறது, கருப்பு வெள்ளையாகத் திரையை மாற்றினாலும் புரிகிறதா, மின்னஞ்சல் யாருக்குப் போகிறது, அறிவிப்பை எழுதுவதற்கான கடவுச்சொல் விடுமுறையில் இருப்பவரிடம் மட்டும்தான் இருக்கிறதா என்பவை அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.